மணி மட்டும் பசியாறவில்லை

மலேசியாவுக்குக் கிளம்பும்போது அம்மா எனக்கு மூன்று வேலைகள் கொடுத்தாள். ஒன்று, கிள்ளானில் இருக்கும் குணசேகரனைப் பார்த்து, என் தம்பி மணிவண்ணனின் கடைசி நாளைப் பற்றிக் கடிதம் எழுதியதற்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டு, நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை உடையாமல் அவர் கையில் சேர்க்க வேண்டும். மூன்றாவதை நாங்கள் வாசற்படி தாண்டிய பிறகுதான் சொன்னாள்.

"ஏன்டி, எம்புள்ள ஏன் பசியோட போனான்னு மட்டும் கேட்டுக்கினு வா."

எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். என் அப்பா பட்டாளம், என் வீட்டுக்காரர் பட்டாளம், என்னைவிடப் பத்து வயது சின்னவனான மணியும் பட்டாளம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐ.நா. அமைதிப்படையில் ஒரு பாலைவன நாட்டுக்குப் போனான். தண்ணீர் லாரிக்குக் காவலாக முன்னால் போன அவன் வண்டி, சாலையில் புதைத்து வைத்திருந்த வெடியில் சிக்கியது. இருபத்தொன்பது வயது. கொடி போர்த்திக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அதே இடத்தில் வேலை பார்த்த மலேசியப் படையின் லாரி டிரைவர், கோப்ரல் குணசேகரன். நான் அப்போது எங்கள் ஊர்த் தபால் ஆபீசில் இருந்தேன். கடிதத்துக்கு முத்திரை குத்தியதும் நான்தான், அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். மணியின் குணத்தைப் பற்றி நாலு வரி நன்றாகவே எழுதியிருந்தார். பிறகு இப்படி இருந்தது: "அன்று காலை நாங்கள் எல்லாரும் பசியாறினோம். மணி அண்ணன் மட்டும் பசியாறவில்லை. சிரித்துக்கொண்டே வண்டி ஏறினார்."

அந்த நடு வரியை நான் தாண்டிப் போயிருக்கலாம். தபால்காரி புத்தி, எழுதியதை எழுதியபடி வாசித்துவிட்டேன். மறுநாளிலிருந்து அம்மா காலையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பன்னிரண்டு மணிக்குக் காக்கைக்கு வைத்த பிறகுதான் அவள் வாயில் ஒரு பருக்கை போகும். இப்போது எண்பத்திரண்டு வயது. டாக்டர் திட்டினார், சாமியார் ஒருவர் சமாதானம் சொன்னார், நான் காலில் விழாத குறை. "அவன் வயிறு காஞ்ச நேரத்துல எனக்கு இட்லி எறங்குமா?" என்று ஒரே கேள்வியில் எல்லோரையும் அனுப்பிவிடுவாள்.

நான் எழுதிய பதில் கடிதம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. போன வருஷம் மணியின் பெயர் பொறித்த எங்கள் ஊர் நினைவுக்கல்லின் படத்தை இளைஞர்கள் முகநூலில் போட்டபோது, கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள்: "இவர் எங்கள் வீட்டு மணி மாமா." குணசேகரனின் மகள் மணிமொழி. அப்படித்தான் இந்தப் பயணம் வாய்த்தது. மணியின் திதி நாளன்று அவர்கள் வீட்டில் படையல் என்றும், நாங்கள் கட்டாயம் வர வேண்டும் என்றும் அழைத்தார்கள். கடல் தாண்டி ஒரு வீட்டில் என் தம்பிக்குப் படையலா என்று நான் வாய் பிளந்தேன். அந்த வாய் ஊர் திரும்பும்வரை சரியாக மூடவில்லை.

என் வீட்டுக்காரர் ரிட்டயர்டு சுபேதார். வீட்டிலும் சுபேதார்தான். விமானத்தில் பெல்ட் போட்ட விதத்துக்கு முன் வரிசைப் பையனைத் திருத்தினார். கோலாலம்பூரில் இறங்கியதும் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். கறுத்துச் சுருண்ட நார்த்தங்காய்த் துண்டுகளைச் சுங்க அதிகாரிப் பெண் பாட்டிலோடு தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். எனக்கு ஆங்கிலம் தபால் ஆபீஸ் அளவுக்குத்தான். 'பிக்கிள்' என்றேன். அவள் புருவம் இறங்கவில்லை. சுபேதார் தன் பட்டாளத்து இந்தியை எடுத்துவிட்டார். "அச்சார். அச்சார்."

"ஓ, அச்சார்," என்று அவளும் சிரித்துவிட்டாள். மலாயிலும் அதற்கு அச்சார்தானாம். வடநாட்டுச் சொல் ஒன்று எப்போது கப்பலேறியதோ, எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. பாட்டில் பிழைத்தது. சுபேதார் அன்று முழுக்க வென்றவர் நடையில் நடந்தார்.

கோலாலம்பூரில் தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினோம். மல்லிகை மாலை, நகைக்கடை, பாட்டுச் சத்தம், சாம்பார் வாசனை எல்லாம் இருந்தும் வேலூர் பஜார் மாதிரி இல்லை. ஏனென்றால் எல்லாவற்றுக்கும் தலைக்கு மேலே ஒரு ரயில் ஒற்றைத் தண்டவாளத்தில் சத்தமில்லாமல் போகிறது. பூக்காரம்மா அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்த்தேன். இலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறியவர் சுபேதாரை 'பாஸ்' என்று கூப்பிட்டார். "பாஸ், ரசம் வேணுமா?" முப்பது வருஷம் எல்லோரையும் 'சாப்' என்று கூப்பிட்டவருக்கு அந்த ஒரு வார்த்தையில் வயிறு நிறைந்துவிட்டது. இருந்தும் மூன்று முறை சோறு வாங்கினார்.

மறுநாள் காலை கீழே இறங்கியபோது, லாட்ஜ் கவுண்டரில் இருந்த பெண் கணினியிலிருந்து கண் எடுக்காமலே கேட்டாள்.

"அக்கா, பசியாறிட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் அந்த வார்த்தையை வாசலில் வந்து நிற்கும் பரதேசியிடம்தான் சொல்வோம். அன்னதானத்தில் சொல்வோம். "உன் பசியாற ஒரு பிடி" என்று இறந்தவர்களுக்குச் சொல்வோம். காலையில் தலை சீவிப் பொட்டு வைத்து நிற்கும் ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரிடம் இப்படியா கேட்பது? என் முகத்தில் பட்டினி தெரிகிறதா?

"இல்லம்மா, நல்ல பசி," என்றார் சுபேதார், ஒன்றும் உறைக்காமல்.

"அப்ப கோனர் கடைல பசியாறுங்க அங்கிள். ரொட்டி சானாய் நல்லா இருக்கும்லா."

முனைக் கடையைத்தான் கோனர் கடை என்றாள். அங்கே போனால் சுவரில் பலகை. "காலைப் பசியாற: இட்லி, தோசை, ரொட்டி சானாய், இடியப்பம்." அதற்குக் கீழே, "மதியச் சாப்பாடு: 11.30 முதல்." நான் அந்தப் பலகையை இரண்டு முறை படித்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் போனில், "நான் இப்பதான் பசியாறிக்கிட்டு இருக்கேன், அரை மணி நேரத்துல லோரிய எடுத்துர்றேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் பாதி தோசை இருந்தது.

தே தாரிக் என்று நுரை ததும்பும் டீயைக் கொண்டுவந்து வைத்த கடைப் பெண்ணைக் கேட்டேன். "ஏம்மா, பசியாறுறதுன்னா இங்க என்ன அர்த்தம்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "காலைல சாப்பிடறதுதான்க்கா. பிரேக்ஃபஸ்ட். உங்க ஊர்ல வேற மாதிரி சொல்வாங்களா?"

டீ டம்ளரை மேசையில் வைத்தேன். சுபேதார் பரோட்டா மாதிரி இருந்த ரொட்டி சானாயைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடிதத்தை அவரும் கேட்டு வந்திருக்கிறார். நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது.

"அப்ப பசி தீராமப் போனான்னு அவரு எழுதல. காலை டிபன் சாப்பிடலன்னு எழுதியிருக்காரு," என்றேன்.

அவர் கையிலிருந்த துண்டைத் தட்டில் போட்டார். "டிபன் சாப்பிடலன்னாலும் பசிதானே தமிழு? ரெண்டும் ஒண்ணுதானே?"

என் பெயர் தமிழ்ச்செல்வி. பெயரில் தமிழை வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் வாசித்திருக்கிறேன். ஆனாலும் சுபேதார் சொன்னது நியாயம்தான். வார்த்தை கொஞ்சம் லேசானது, அவ்வளவுதான். தம்பி வெறும் வயிற்றோடு வண்டி ஏறியது மாறவில்லை. அம்மாவின் கேள்வி அப்படியேதான் இருந்தது.

அன்று சுபேதார் ஆசைப்பட்டபடி தேசிய நினைவுச் சின்னத்துக்குப் போனோம். வெண்கல வீரர்கள் ஏழு பேர், ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு. கீழே விழுந்து கிடப்பவர்களுக்கும் மேலே கொடி பிடித்து நிற்பவருக்கும் நடுவில், அடிபட்ட ஒருவரை இன்னொருவர் தாங்கிப் பிடித்திருக்கிறார். எங்கள் ஊர் நினைவுக்கல் என் இடுப்பு உயரம்தான். இதைப் பார்த்ததும் எனக்கு முதலில் பிரமிப்பு, அப்புறம் என் ஊர்க் கல்லை நினைத்து ஒரு பாசம். கல் சின்னதாக இருந்தால் பெயரைத் தொட்டுப் பார்க்கலாம்.

சுபேதார் கொளுத்துகிற வெயிலில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். படம் பிடித்துக்கொண்டிருந்த கூட்டம் சற்று விலகி வழி விட்டது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வயதான மலாய்க்காரர் ஒருவர் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து ஏதோ கேட்டார். எங்களைக் கூட்டிப்போன தமிழ் டாக்சிக்காரர் மொழிபெயர்த்தார்: "நீங்க பட்டாளமான்னு கேக்குறாரு. அவரோட அண்ணன் கம்யூனிஸ்ட்காரங்களோட நடந்த காட்டுச் சண்டைல போயிட்டாராம். அவருக்கும் சேர்த்து ஒண்ணு அடிக்க முடியுமான்னு கேக்குறாரு."

சுபேதார் மறுபடி சல்யூட் அடித்தார். இந்த முறை கையை இறக்க நேரமானது. அந்தப் பெரியவர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒரு சொல்கூடப் பொதுவில் இல்லாத இரண்டு கிழவர்கள் அப்படியே நின்றார்கள்.

மூன்றாம் நாள்தான் கிள்ளான். கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலில் போனோம். ஏறி உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, முக்காடிட்ட இளம்பெண் ஒருத்தி சுபேதாரிடம் பணிவாக ஏதோ சொல்லி, சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள். அது பெண்கள் பெட்டி. சுற்றிலும் பார்த்தேன். பெட்டி நிறையப் பெண்கள், நடுவில் மீசையோடு என் வீட்டுக்காரர். "எதிரி முகாம்ல மாட்டின மாதிரி ஆச்சே," என்று முணுமுணுத்தபடி அடுத்த பெட்டிக்கு ஓடினார். "கிள்ளான்னு போட்டா இறங்கிடு," என்று உத்தரவு மட்டும் கதவு வழியாக வந்தது.

நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருபத்திரண்டு வருஷமாக இருக்கும் கடிதம். அந்த மூன்று வரிகளையும் படித்துக்கொண்டே இருந்தேன். எல்லாரும் பசியாறினோம். மணி அண்ணன் மட்டும். ஏன் அவன் மட்டும்? அவர்கள் கூப்பிடவில்லையா? நேரமாகிவிட்டது என்று யாராவது விரட்டினார்களா? நிமிர்ந்தபோது ஜன்னலில் வீடுகள் போய், வானத்தில் ஒட்டகச்சிவிங்கி கழுத்துகள் மாதிரி வரிசையாகக் கிரேன்கள் நின்றன. ரயில் கடைசி நிலையத்தில் நின்றுவிட்டது. கிள்ளானைத் தாண்டி போர்ட் கிள்ளானுக்கு வந்திருந்தேன். சுபேதார் உத்தரவுப்படி கிள்ளானில் இறங்கியிருப்பார்.

போனில் அவர் கத்தியதை எழுத வேண்டாம். "அங்கயே நில்லு. குணா வண்டி எடுத்துக்கினு வர்றாரு," என்று முடித்தார். நிலையத்துக்கு வெளியே நின்றேன். பெட்டி பெட்டியாக இரும்புச் சுமையோடு லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு பெட்டியும் எங்கள் தபால் ஆபீஸ் கட்டடத்தைவிட நீளம். உலகத்துச் சாமானெல்லாம் இந்தத் தெரு வழியாகத்தான் போகிறதோ என்று தோன்றியது.

ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். தடித்த உடம்பு, நரைத்த கிராப்பு, தேய்த்து மடிப்புக் கலையாத சட்டை. என்னை ஒரு கணம் பார்த்தார். மணிக்கும் எனக்கும் ஒரே மூக்கு, எல்லோரும் சொல்வார்கள். அவர் கண் அந்த மூக்கிலேயே நின்றது. பிறகு குதிகால் சேர்த்து நிமிர்ந்து எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். பட்டாளத்துக் குடும்பத்தில் பிறந்து பட்டாளத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்கு யாரும் சல்யூட் வைத்ததில்லை. கை கூப்பினேன். நன்றி சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரு வாக்கியமும் வரவில்லை.

"வாங்கக்கா," என்றார் குணா.  எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்: "பசியாறிட்டீங்களா?"

எழுதிய கையே வாய் திறந்து அந்த வார்த்தையைக் கேட்கிறது. நான் நடுரோட்டில் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், "ஏன்க்கா, ஏன்க்கா," என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். படையல் முடியட்டும், அப்புறம் கேட்கலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

வீடு, வரிசையாக ஒரே சுவரை ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. சுபேதார் அதற்குள் அங்கே போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் மணிமொழி அவரைக் கிள்ளான் நிலையத்திலிருந்து கூட்டி வந்திருக்கிறாள். இருபத்தொரு வயது. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. குணாவின் மனைவி லெட்சுமி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

கூடத்துச் சுவரில் மூன்று படங்கள். குணாவின் அப்பா, குணாவின் அம்மா, நடுவில் என் தம்பி. நீலத் தொப்பியில் சிரித்துக்கொண்டிருந்தான். எங்களிடம் இல்லாத படம். மாலை புதிது. சட்டத்தின் கீழ்விளிம்பு, தினமும் தொட்டுக் கும்பிட்ட இடத்தில், சாயம் போயிருந்தது. எங்கள் வீட்டில்கூட அவன் படத்தை அப்படித் தொடுவதில்லை.

"என்னோட லோரிக்கு முன்னால அவரு வண்டி போச்சிக்கா," என்றார் குணா, படத்தைப் பார்த்தபடி. "நான்தான் தண்ணி லோரி. அவரு முன்னால போகலன்னா நான்தான் அதுமேல ஏறியிருப்பேன். எட்டு மாசம் கழிச்சிதான் இவ பொறந்தா." மணிமொழியைக் காட்டினார். "நான் வீட்டுக்கு வந்து புள்ளையத் தூக்குனப்ப, இது அவரு குடுத்ததுன்னு லெட்சுமிதான் சொன்னா. அவ வச்ச பேரு இது."

"வருஷா வருஷம் நாங்கதான் மாமாவுக்கு நன்றி சொல்றோம்," என்றாள் மணிமொழி. "நீங்க எங்களுக்கு நன்றி சொல்ல வர்றோம்னு சொன்னதும் அப்பாவுக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல ஆன்டி."

 நன்றியைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தேன். இங்கே வந்தால் அது ஏற்கெனவே வீடு நிறைய இருக்கிறது. ஊறுகாய் பாட்டிலை லெட்சுமி கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் படையல். பெரிய தலைவாழை இலை. வடை, பாயசம், கோழிக்குழம்பு, நாலு வகைக் காய், மணிக்குப் பிடிக்கும் என்று எங்கிருந்தோ தெரிந்துகொண்ட அதிரசம். எல்லாம் முறையாக வைத்த பிறகு குணா உள்ளே போய் ஓர் அலுமினியத் தட்டுப்பெட்டியை எடுத்து வந்தார். பட்டாளத்து மெஸ் டின். அதை இலையின் நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே பழைய சோறு. முதல் நாள் வடித்து, தண்ணீர் ஊற்றி வைத்த சோறு.

எனக்குத் திக்கென்றது. படையலில் பழையதை வைப்பது எங்கும் இல்லாத வழக்கம். ஆகாதவனுக்குக்கூட யாரும் வைக்க மாட்டார்கள். சுபேதார் முகம் சிவந்துவிட்டது. "தம்பி," என்றார், மெதுவாகத்தான், ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். "எங்க ஊர்ல செத்தவங்களுக்குப் பழையது வைக்க மாட்டோம்."

"எங்களுக்கும் தெரியும் அண்ணே," என்றார் குணா. "வழக்கம் இல்லதான். ஆனா அவரு கடைசியா சாப்பிட்டது இதுதான்லா."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். "சாப்பிட்டானா?"

"ஆமாக்கா. அன்னைக்குக் காலைல."

உறையிலிருந்து கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.  "மணி மட்டும் பசியாறலன்னு எழுதியிருக்கீங்களே தம்பி."

அவர் தன் பழைய கையெழுத்தை வியப்போடு பார்த்தார். படித்தார். "ஆமா. பசியாறல. நாங்க எல்லாம் ரொட்டி, முட்டை பசியாறினோம். அவரு சோறு சாப்பிட்டாரு, சோறுன்னா எங்களுக்குச் சாப்பாடு, பசியாறுறது இல்ல. முதல் நாள் சாயந்தரமே இந்தியப் படைக்காரங்க எங்க கேம்புக்குக் காவலுக்கு வந்துட்டாங்க. எங்க குசினில மிஞ்சுன சோத்தைக் கேட்டு வாங்கி, தண்ணி ஊத்தி இந்த டின்னுல வச்சிக்கிட்டாரு. காலைல நான் ரொட்டி குடுத்தேன். 'இதெல்லாம் உங்களுக்கு சரி, எங்க ஊர்க்காரனுக்கு இது வாய் கொப்பளிக்கத்தான் ஆகும்'னு சொல்லிட்டு, உக்காந்து முழுசா சாப்பிட்டாரு. டின்னைக் கழுவி என்கிட்ட குடுத்துட்டுத்தான் வண்டி ஏறுனாரு. வந்து வாங்கிக்கிறேன்னு சொன்னாரு."

"அதை ஏன் எழுதல?"

குணா தலை குனிந்தார். "வெட்கமா இருந்துச்சிக்கா. உங்க புள்ள பழைய சோறு தின்னாருன்னு எப்படி எழுதறது? எங்க கேம்புல அவ்வளவுதான் குடுத்தோம்னு அம்மா நெனச்சிட்டா? அதான் பசியாறலன்னு மட்டும் எழுதிட்டேன்."

அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் சொன்னேன். இருபத்திரண்டு வருஷமாக அம்மா காலையில் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தோன்றியது. அவர் இலைக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். லெட்சுமி அவர் தோளைப் பிடித்தாள். "போன் போடுங்கக்கா. அம்மாவுக்கு இப்பவே போடுங்க," என்றார் குணா.

நம் ஊரில் அப்போது காலை பத்து மணிகூட ஆகவில்லை. அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை குறுக்கே பேசினாள்.  போனை ஸ்பீக்கரில் போட்டுக் குணாவின் முன்னால் வைத்தேன்.

"அம்மா, நான் குணா பேசறேன்மா."

"முழுசா சாப்ட்டானாப்பா?"

"முழுசாம்மா. ஒரு பருக்கை விடல."

"வெறும் சோறா? இன்னாத்த தொட்டுக்கினான்?"

 குணா எழுந்துபோய் நான் கொடுத்த பாட்டிலைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"இதுதாம்மா. உங்க நார்த்தங்காய். ஒரு பொட்டலம் வச்சிருந்தாரு, யாருக்கும் காட்ட மாட்டாரு. அன்னைக்குத்தான் எனக்கு ஒரு துண்டு குடுத்தாரு. எங்கம்மா போட்டது, மெதுவா கடின்னாரு. இத்தனை வருஷமா கடைல வாங்கித்தான் வைக்கிறோம். இந்த வாசனை வரலம்மா."

 போனில் எங்கள் வீட்டு முற்றத்தில் யாரோ பாத்திரம் உருட்டுவது கேட்டது. "சரி," என்றாள் அம்மா. வைத்துவிட்டாள்.

குணா ஒரு துண்டு நார்த்தங்காயை எடுத்து மெஸ் டின்னின் ஓரத்தில் வைத்தார். கற்பூரம் காட்டினோம். மணிமொழி கொல்லையில் காக்கைக்கு வைத்துவிட்டு வந்தாள். சுபேதார் படத்துக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினார். சல்யூட் அடிக்கவில்லை. டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எல்லோருக்கும் தரையில் இலை போட்டார்கள். உட்கார்ந்தோம். குணா மட்டும் இலையைத் தொடாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க தம்பி," என்றேன்.

"அம்மா சாப்பிடாம நான் எப்படிக்கா?"

அவர் சாப்பிடாமல் நாங்கள் எப்படி? கோழிக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. சுபேதாருக்குப் பசி தாங்காது, ஆனால் அன்று அவரும் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து பேரும் வெற்று இலைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கால் மணி நேரம் போயிருக்கும். தரையில் கிடந்த போன் அதிர்ந்தது.

"குணாகிட்ட குடு," என்றாள் அம்மா. குரலில் ஏதோ மென்று முடித்த ஈரம்.

"சொல்லுங்கம்மா."

"பழையதுதான்பா. நார்த்தங்காய் தொட்டுக்கினேன்." ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "நான் பசியாறிட்டேன்."

குணா இலையில் தண்ணீர் தெளித்தார்.